வயிற்றில் எரிச்சல்

காப்பீட்டுக் கம்பெனியின் கடிதத்தை என் மனைவி மூன்று முறை படித்தாள். முதல் முறை மனதுக்குள். இரண்டாம் முறை எனக்குக் கேட்கும்படி. மூன்றாம் முறை வார்டில் இருந்த ஆறு கட்டில்களுக்கும் கேட்கும்படி.

“‘நோயாளிக்குக் கடந்த ஓராண்டாக வயிற்றில் எரிச்சல் இருந்து வந்துள்ளது. பாலிசி எடுக்கும்போது இது தெரிவிக்கப்படவில்லை. ஆகவே அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் மறுக்கப்படுகிறது.’ யாருங்க இவங்ககிட்டப் போய்ச் சொன்னது, உங்களுக்கு வயித்துல எரிச்சல்னு?”

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனி. கம்பெனி கைமாறிய பிறகு பதினொரு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டூல் பாக்ஸையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்தபோது மருத்துவ அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது, ஆனால் சேர வேண்டியது மூன்று மாதம் கழித்து. அங்கே மருத்துவ அட்டை கையில் வர அதற்கு மேலும் ஆறு மாதம் ஆகும். இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருக்கிறவனுக்கு உடம்பு என்று ஒன்று இருக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

என் மைத்துனன்தான் தொண்ணூறு நாள் பாலிசி ஒன்றைக் கண்டுபிடித்தான். வேலை மாறுகிறவர்களுக்கென்றே விற்கிறார்களாம். “குடை மாதிரி மாமா. ஒரு பஸ்ஸை விட்டு எறங்கி அடுத்த பஸ்ஸுல ஏறுற வரைக்கும் பிடிச்சுக்கிறது” என்றான். அவன் போனிலேயே எல்லாம் முடிந்தது. ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு நான் ‘இல்லை’யைத் தொட்டேன். அது உண்மை.

எண்பத்து மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வலி தாங்காமல் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பித்தப்பையில் கல். ஜுரமும் இருந்தது; அதை மருந்தால் இறக்கினார்கள். இந்த வாரத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார் சர்ஜன். வருகிற வெள்ளியோடு பாலிசி முடிகிறது. கடிதம் வந்தது திங்கட்கிழமை காலையில். கைக்காசு போட்டு ஆபரேஷன் செய்துகொள்ள எங்களுக்கு வழி கிடையாது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

“வாயத் தொறங்களேன். கடப்பாறைய முழுங்கின மாதிரியே எத்தனை நாளைக்கு?” என்றாள்.

“நீதான் சொன்ன” என்றேன்.

நாங்கள் வந்து சேர்ந்த அன்று நடந்தது இதுதான். நான் சக்கர நாற்காலியில் இரண்டாக மடிந்து உட்கார்ந்திருந்தேன். எதிரே டியூட்டி டாக்டர். படிப்பு முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் மனைவி பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்படித்தான். கேள்வி எனக்கு, பதில் அவளுடையது. லிஃப்ட் குழிகளுக்குள் தனியாக நின்று வேலை பார்த்தவனுக்குப் பேச்சு ஒரு பழக்கமாகவே ஆகவில்லை.

“வயித்துல இதுக்கு முன்னாடி ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

“தொந்தரவெல்லாம் அந்தக் கம்பெனியாலதாம்மா. ஒரு வருஷமா ஒரே வயித்தெரிச்சல். சாப்பாடு எறங்கல, தூக்கம் கிடையாது. மனுஷன் பாதியாப் போயிட்டாரு.”

டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. அவர் எழுதியது ஆங்கிலத்தில். வயித்தெரிச்சல் என்ற ஒரே சொல்லை அவர் வயிறு, எரிச்சல் என்று இரண்டாகப் பிரித்து எழுதினார். காப்பீட்டுக் கம்பெனியில் வேறு யாரோ அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அது ‘வயிற்றில் எரிச்சல்’ ஆகிவிட்டது. போகும்போது ஆதங்கமாகப் போனது, வரும்போது நோயாக வந்தது.

அன்றைக்கு அந்தப் பேனா ஓடுவதை நான் பார்த்தேன். “அது வேற எரிச்சல் டாக்டர்” என்று நான்கு சொல் சொல்லியிருந்தால் போதும். வலி ஒரு சாக்கு. வலி இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விஷயம் புரிந்ததும் என் மனைவி கடிதத்தோடு எழுந்து போனாள். மருந்து வண்டியருகே நின்றிருந்த டியூட்டி டாக்டரை என் கட்டிலுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் வார்டு சிஸ்டரும் வந்தார்.

“வயித்தெரிச்சல்னா அசிடிட்டிதானே ஆன்ட்டி?”

“அசிடிட்டி இல்லம்மா, அநியாயம். அநியாயத்தைப் பார்த்தா வர்றது.”

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

“ஏம்மா, உங்க வீட்டுல யாருமே இந்த வார்த்தையச் சொன்னதில்லையா?”

டாக்டர் யோசித்தார். “எங்கம்மா சொல்வாங்க. என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதேன்னு.” பேனாவைத் திருகிக்கொண்டே, “என்னைப் பார்த்துதான் சொல்வாங்க” என்றார்.

“அப்ப நீ அவங்களுக்கு மாத்திரையா குடுத்த?”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாச் சொல்லும் உறுப்புகளைப் பற்றியதுதான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவரும் நம்பிவிட்டார். எழுதியதை அடிக்கக் கூடாது, கீழே சேர்த்து எழுதலாம் என்பது விதி. அவர் சேர்த்து எழுதினார்: ‘மேலே குறித்தது நோய்க்குறி அல்ல, வேலையிடத்தின் மீது நோயாளிக்கு இருந்த மனக்குறை.’ கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காப்பீட்டு மேசை ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் நடுவே காகிதங்களை அனுப்பி வாங்குகிறவர். டாக்டர் சேர்த்து எழுதியதை அவர் விரலால் தள்ளி வைத்தார்.

“பின்னாடி சேர்த்தது செல்லாதும்மா. மறுத்த பிறகு எழுதினதுன்னு தேதியே காட்டிக் குடுத்துடும். பழைய ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அங்க வேலை பார்த்த வரைக்கும் வயித்துக் கோளாறுன்னு எதுவும் இல்லைன்னு.”

அந்த அலுவலகத்துக்கு நான் மறுபடி போக வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சிஸ்டர் மூன்று மணி நேரம் அனுமதி தந்தார். கையிலிருந்த ஊசிக்குழாயை மூடி, மேலே பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். முழுக்கைச் சட்டையால் அதை மறைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் கம்பெனியின் அலுவலகம் இரண்டாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பத்தொன்பது வருடமும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று ஒவ்வொரு படியும் விலா எலும்புக்குக் கீழே குத்தியது.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எல்லாம்சரி’. பராமரிப்புத் தாள்களில் குறிப்பு எழுதும் இடத்தில் அவர் எப்போதும் எழுதுவது அந்த ஒன்றைத்தான். புது முதலாளி வந்ததும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய லிஃப்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். ஆனால் தாளில் மாதாமாதம் கையெழுத்து விழ வேண்டும். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் லைனிங் தேய்ந்து உலோகம் தெரிந்தது. மேல் மாடியில் டியூஷன் நடக்கிறது. எட்டுப் பேர் ஏற வேண்டிய கூண்டில் மாலையில் பன்னிரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள். மாற்ற வேண்டும் என்று ஆறு முறை எழுதிக் கொடுத்தேன். ஆறு முறையும் அதன் கீழே ‘எல்லாம் சரி’ என்று வந்தது. பார்க்காத மாதங்களுக்குக் கையெழுத்துப் போட மறுத்தேன். பதினொரு பேர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. என் மனைவி ஒரு வருடம் என்று சொன்னது இந்த ஒரு வருடத்தைத்தான்.

“வாங்க வாங்க. உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். எல்லாம் சரியாயிடும்” என்றார் அவர். 

வந்த காரணத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

“இருங்க, இருங்க. எங்ககிட்ட வேலை பார்த்த வரைக்கும் உங்களுக்கு வயித்தெரிச்சலே இல்லைன்னு நான் எழுதித் தரணும். நானு.”

“வயித்துக் கோளாறு இல்லைன்னு எழுதினாப் போதும்.”

“அவங்க எந்த வார்த்தையக் கேட்டாங்களோ அதையே எழுதுவோம். அப்பதான் செல்லும்.”

அவரே கணினியில் அடித்தார். பிரிண்டரிலிருந்து எடுத்து, மேசையின் மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். எங்கள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் இவருக்கு எவ்வித வயிற்றெரிச்சலும் இருந்ததில்லை. அடுத்த பத்தி: பராமரிப்புப் பணிகள் குறித்து இவருக்கு எந்தக் குறையும் கிடையாது, முன்பு எழுதிக் கொடுத்த குறிப்புகளை முழு மனதோடு திரும்பப் பெறுகிறார். கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“முதல் பத்தி மட்டும் போதும் சார்.”

“முதல் பத்தி உங்களுக்கு. ரெண்டாவது எனக்கு. ஆளுக்கொண்ணு.” அதை அவர் சிநேகமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேநீர் வரவழைத்துக் குடித்து முடித்தார். என் பித்தப்பையில் கல் இருக்கிறது, உண்மை. அந்தக் கட்டடத்தின் பிரேக் தேய்ந்திருக்கிறது, அதுவும் உண்மை. ஒன்றுக்கு மருந்து வேண்டுமானால் மற்றதைப் பொய் என்று சொல்ல வேண்டும். அப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. அது தானாகவே இவ்வளவு கச்சிதமாக வந்து அமைந்திருந்தது.

“பேனா வேணுமா?”

“வேண்டாம்” என்று எழுந்தேன்.

நான் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்ததும் என் மனைவிக்குக் குரல் உயர்ந்தது. “போட்டுட்டு வந்திருக்கலாமேங்க. உங்க ரோஷத்தை வச்சு அந்தக் கல்லைக் கரைக்க முடியுமா?” இரண்டாம் பத்தியில் என்ன இருந்தது என்று சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அப்புறம், “அவன் பிள்ளைங்க அந்த லிஃப்ட்டுல போவாங்களா?” என்று கேட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி என்றார் மேசைக்காரர். மறுபரிசீலனை. புதன்கிழமை காலை கம்பெனியிலிருந்து போன் வரும். நோயாளியே பேச வேண்டும். வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப முடிஞ்சுது கதை” என்றாள்.

பத்தரைக்கு போன் அடித்தது. ஒரு பெண் குரல். எழுதி வைத்ததைப் படிக்கிற குரல்.

“இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது சார். நான் கேக்குற கேள்விக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு வயித்தெரிச்சல் இருந்துச்சா?”

என் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று, ‘இல்லைன்னு, இல்லைன்னு’ என்று உதட்டை மட்டும் அசைத்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். இல்லை என்ற ஒரு சொல். எல்லாம்சரி அடித்த முதல் பத்தியும் அதுதான். நேற்று மேசைமேல் வைத்துவிட்டு வந்ததை இன்று போனில் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஆமா” என்றேன்.

என் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சரி சார். அடுத்த கேள்வி...”

“இருங்கம்மா. நான் முடிக்கல. இருந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா அது வயித்துல இல்ல.”

“புரியல சார். பின்ன எங்க?”

“உங்க வயசு என்ன இருக்கும்? என் தங்கச்சி வயசு இருக்குமா? ஒண்ணு கேக்குறேன். நீங்க பேசாத ஒரு ஆள்கிட்டப் பேசினதா எழுதி, அதுக்குக் கீழ உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. மாசாமாசம். போட மாட்டேன்னா வேலை போயிடும். உங்களுக்கு என்ன வரும்?”

“சார், இந்தக் கால் பதிவாகுது.”

“அதனாலதாம்மா கேக்குறேன். என்ன வரும்னு உங்க வாயால சொல்லுங்க.”

அந்தப் பக்கம் மௌனம். பக்கத்து இருக்கைகளில் வேறு வேறு பெண்கள் வேறு வேறு ஆட்களிடம் ஆமாவா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. மௌனம் எனக்குப் பழக்கமானது. எவ்வளவு நேரமானாலும் என்னால் நிற்க முடியும்.

“வயித்தெரிச்சல் சார்” என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில்.

“அதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போவீங்க?”

அவள் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரி சொன்னது இந்த ஒரு சொல்லை. நீங்க அதை ரெண்டாக் கிழிச்சு, நடுவுல ஒரு ‘இல்’ போட்டு, வயித்துல எரிச்சல்னு ஆக்கிட்டீங்க. ஏம்மா, நீங்க வயித்துல பாலை வார்த்தீங்கன்னு நான் நாளைக்குச் சொன்னா, எனக்கு யாரோ பால் ஊத்தினாங்கன்னு எழுதிப்பீங்களா? பத்தொம்பது வருஷத்துல வயித்து வலின்னு ஒரு நாள் லீவு போட்டதில்ல நான். லீவுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்க. என் உடம்பைப் பத்தி நான் ஒரு பொய்கூடச் சொல்லல. பொய் சொல்ல மாட்டேன்னதாலதான் இந்தப் பாலிசியே எடுக்க வேண்டி வந்துச்சு. பதிவாகுதில்ல? ஆகட்டும்.”

அவ்வளவு நீளமாக நான் பேசி வார்டில் யாரும் கேட்டதில்லை. என் மனைவியும் கேட்டதில்லை. அவள் வேறு யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“நீங்க சொன்னதை அப்படியே, உங்க வார்த்தையிலயே எழுதி மேல அனுப்புறேன் சார். முடிவு என் கையில இல்ல” என்றாள் அந்தப் பெண்.

வியாழக்கிழமை முழுவதும் ஒன்றும் வரவில்லை. அன்று மாலை மறுபடியும் ஜுரம் ஏறியது. சர்ஜன் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதினார். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு இடம் வைத்திருக்கிறார், பன்னிரண்டுக்குள் ஒப்புதல் வராவிட்டால் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார் என்று சிஸ்டர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு மேசைக்காரர் அவரே மாடியேறி வந்தார். முகத்தில் வெற்றி.

“வந்துடுச்சு சார். கீழ ஒரு கையெழுத்து. நான் திருப்பி அனுப்பினதும் ஒப்புதல் நம்பர் குடுத்துடுவாங்க.”

என் மனைவி இரண்டு கைகளையும் கூப்பினாள். நான் தாளை வாங்கிப் படித்தேன். ‘நோய் முன்பே இருந்ததா என்பது குறித்த எங்கள் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. எனினும் நல்லெண்ண அடிப்படையில், இம்முறை மட்டும், சிறப்புச் சலுகையாக ஒப்புதல் வழங்கப்படுகிறது.’ அதன் கீழே, கையெழுத்துப் போடும் கோட்டுக்கு மேல்: ‘இதை நான் நன்றியுடன் ஏற்கிறேன்.’

மூன்று மாதத்துக்கும் முன்பணமாகக் கட்டி, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லி, குடையைக் கையில் வாங்கியவன் நான். மழை வந்த பிறகு, இது உன் குடை இல்லை, பாவம் என்று பிடிக்கிறோம் என்கிறார்கள். நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

“பேனா இருக்கா?” என்றேன்.

மேசைக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ‘நல்லெண்ண’ என்பதிலிருந்து ‘சலுகையாக’ வரை ஒரு கோடு. ‘நன்றியுடன்’ மேல் இன்னொரு கோடு. கையில் ஊசிக்குழாய் இருந்ததால் கோடு நேராக வரவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

“ஐயோ சார், என்ன பண்ணிட்டீங்க? இதுல கை வைக்கக் கூடாது.”

“கையெழுத்துதான் வச்சேன்.”

“வேற தாள் வரவழைக்க ஒரு மணி நேரமாவது ஆகும். தியேட்டர் போயிடும். அம்மா, நீங்களாவது சொல்லுங்க.”

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தைந்து. தாளை வாங்கி, அடித்த இடத்தை ஒரு முறை மனதுக்குள் படித்தாள்.

“அனுப்புங்கண்ணா” என்றாள்.

“திருப்பி விட்டாங்கன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

“உங்களைக் கேக்க மாட்டோம். அனுப்புங்க.”

அவர் தாளோடு கீழே போனார். அவள் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அடித்தது சரிதானா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இவளுடைய முகத்தைப் பார்த்தபோது சரியில்லை என்று தோன்றியது. அந்த வரிகளை நினைத்தபோது வேறு வழி இல்லை என்று தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்தன. நடுவில் வலியும் வந்தது.

பன்னிரண்டடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது மேசைக்காரர் மூச்சு வாங்க வந்தார். கையில் ஒரு துண்டுத்தாள், அதில் நீளமான எண் ஒன்று.

“நம்பர் வந்துடுச்சு. ஒண்ணும் கேக்கல. தாள் வந்துதான்னு மட்டும் பார்த்திருக்காங்க.” அவர் என் காதருகே குனிந்தார். “நல்ல வேளை சார், யாரும் படிக்கல.”

“நான் படிச்சேன்” என்றேன்.

அவர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வார்டுக்குள் வந்தார்கள். சிஸ்டர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்.